ஆடுகளத்திலிருந்து நோட்டுக்கு: தொடக்கப் பள்ளியில் விளையாட்டு வழிக் கணக்கும் வாசிப்பும்

ஆறு வயதுப் பிள்ளைக்குக் கணக்கையும் எழுத்தையும் விளையாட்டின் வழியே கற்பிக்கலாமா? கேள்வி பழையது. பிளேட்டோ முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்ற உரையாடலில் எகிப்தியரின் வழக்கம் ஒன்று பாராட்டப்படுகிறது. ஆப்பிள்களையும் மாலைகளையும் பங்கு போடச் சொல்லியும், மல்லர்களை இணை சேர்த்து மோதவிடும் வரிசையை அமைக்கச் சொல்லியும் அவர்கள் பிள்ளைகளுக்கு எண் கற்பித்தார்களாம். பந்தயப் பட்டியலை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் யோசனை அப்போதே இருந்திருக்கிறது.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் இந்த இடத்தைப் பேஸ்பால் பிடித்துக்கொண்டது. மட்டையாளரின் சராசரி கணக்குப் பாடமாகிறது, பந்தய அறிக்கை வாசிப்புப் பாடமாகிறது. எண்களோடு அந்த ஆட்டத்துக்கு இருக்கும் உறவு கிரிக்கெட்டிலிருந்து போனது. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிவந்த ஹென்றி சாட்விக், 1850களின் இறுதியில் பேஸ்பாலுக்கான ஸ்கோர் அட்டவணையை உருவாக்கியபோது கிரிக்கெட் அட்டவணையையே முன்மாதிரியாகக் கொண்டார். ஆக, பேஸ்பாலுக்குச் சொல்லப்படும் வாதங்கள் பெரும்பாலும் கிரிக்கெட்டுக்கும் பொருந்தும். அதன் குறைகளும் பொருந்தும்.

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியில் இந்தக் கேள்வியைக் கேட்டால், எடுத்துக்கொள்ள ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பொட்டல்களில் கிரிக்கெட், கபடி; திண்ணைகளில் தாயம், பல்லாங்குழி; தெருவில் பாண்டி, கோலி. பக்கத்துச் சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்து, பள்ளித் தமிழாசிரியராகவும் இருந்த தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்றொரு நூல் எழுதினார். ஆண்பால், பெண்பால், இருபால் என்றும் பகலாட்டு, இரவாட்டு என்றும் பகுத்து ஆட்டமுறைகளை விளக்கும் நூல் அது. தமிழாராய்ச்சியில் அவர் பெற்ற பெயருக்குள் இந்த நூல் சற்று மறைந்துபோயிற்று. பாடத்திட்டம் வகுப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஆட்டத்துக்குள் கணக்கு இருப்பதை யாரும் மறுப்பதில்லை. அது நோட்டுக்கு வந்து சேருமா, சேர்ந்தாலும் தானாக வருமா, யாராவது கொண்டுவர வேண்டுமா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

திண்ணைப் பள்ளி முதல் வார்தா வரை

தமிழ்நாட்டில் விளையாட்டு வழிக் கற்றலுக்கு எதிரான மரபு வலுவானது. திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்ற வரிசையில் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனனம் செய்தார்கள். முந்திரி (320இல் ஒரு பங்கு), காணி (80இல் ஒன்று), மா (20இல் ஒன்று) என்ற பின்னங்கள் நாவில் புரண்டன. இதை வெறும் உருப்போடுதல் என்று ஒதுக்கிவிடுவது பொதுவான வழக்கம். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய து. செந்தில்பாபுவின் ஆய்வுகள் வேறொன்றைச் சுட்டுகின்றன: அங்கே நினைவாற்றலே கற்கும் முறையாக இருந்தது, நிலம் அளப்பவனுக்கும் நெல் அளப்பவனுக்கும் தேவையான கணக்கு அதன்வழி கைக்கு வந்தது. சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல்லும் உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத்தான் தம் முறையை அமைத்தார். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது.

மனனத்தின் பக்கத்திலேயே புதிர்மரபும் இருந்தது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணச் சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விடை எல்லாப் பழத்துக்கும் சரியாக வருமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேட்டவன் பழத்தைத் தேடிப் போவான். கணக்கை விளையாட்டாக்கும் நோக்கம் நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதுவே போதும்.

இருபதாம் நூற்றாண்டில் மூன்று குரல்கள் எழுந்தன. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா 1920இல் குழந்தைகள் பள்ளி தொடங்கி, கதையையும் ஆட்டத்தையும் வகுப்பின் மையத்துக்குக் கொண்டுவந்தார். 1939இல் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மாண்டிசோரி முறையை விளையாட்டு முறை என்று சொல்வது தவறு. அவர் தம் மணிகளையும் கட்டைகளையும் பொருள்களோடு செய்யும் 'வேலை' என்றே கருதினார், ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு கருத்தைத் தனித்துக் காட்டும்படி அமைத்தார். மூன்றாவது, 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும் அதையொட்டி ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வியும். நூற்ற நூலை அளந்து கணக்கு, பருத்தியின் வரலாற்றிலிருந்து வாசிப்பு என்று ஒரு கைத்தொழிலைச் சுற்றியே எல்லாப் பாடமும் அமையும்.

இந்த மூன்றில், பேஸ்பால் பாடத்துக்கு மிக நெருங்கிய உறவு வார்தாவோடுதான். நூல் நூற்கும் தக்ளி இருந்த இடத்தில் மட்டை வந்திருக்கிறது, அவ்வளவே. வார்தா முறைக்கு நேர்ந்த சிக்கலும் அப்படியே திரும்பி வருகிறது: எல்லாப் பாடத்தையும் ஒரே தொழிலோடு முடிச்சுப் போட வேண்டிய கட்டாயத்தில், முடிச்சு செயற்கையாகிவிடும். "ராமு 12 ரன் எடுத்தான், சோமு 15 ரன் எடுத்தான், மொத்தம் எத்தனை?" என்ற கணக்கில் கிரிக்கெட் எதுவும் இல்லை. ரன்னை எடுத்துவிட்டு மாம்பழத்தை வைத்தாலும் கணக்கு அதேதான்.

அட்டையும் ஏணியும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் விளையாட்டு வழிக் கற்பிக்கும் சிந்தனை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது செயல்வழிக் கற்றலில். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பின்பற்றி, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. கற்றல் ஏணி, படங்கள் போட்ட அட்டைகள், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே எழுதும் கீழ்மட்டக் கரும்பலகை, அவரவர் வேலையைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. தன் வேகத்தில் ஏணியில் ஏறும் பிள்ளை, தானே போய் அட்டையை எடுத்து, தானே குழுவில் உட்காரும்.

அதன் மேல் வந்த குறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். பெற்றோர் தரப்பின் குறை, பிள்ளை புத்தகத்தைத் தொடாமல் விளையாடிவிட்டு வருகிறது என்பது. ஆசிரியர் தரப்பின் குறை வேறு: அட்டைகள் கிழிகின்றன, தொலைகின்றன, ஏணியின் வரிசை மேலிருந்து இறங்கியது, அதை மாற்ற உரிமையில்லை, பல படிகளில் நிற்கும் முப்பது பிள்ளைகளை ஒருவரே கவனிக்க வேண்டும். முதல் குறை காலப்போக்கில் கரையக்கூடியது. இரண்டாவதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுத்த முறை ஆசிரியருக்கு அதைக் கொடுக்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு அடுத்த கட்டம். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு பாட்டும் ஆட்டமுமாகப் பாடம் நடத்தியது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளிகள் மூடியிருந்தபோது ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, அவை திறந்த ஆறு மாதத்தில் மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்ததாகவும் மதிப்பிட்டது. இதை விளையாட்டின் வெற்றி என்று எழுதுவோர் உண்டு. பொறுத்துச் சொல்ல வேண்டும். கூடுதல் நேரம், சிறு குழு, தெருவிலேயே இருக்கும் அக்கா ஒருவரின் கவனிப்பு என்று பலதும் சேர்ந்து கிடைத்த பலன் அது. ஆட்டத்தின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதும் பாட்டு, கதை, பொம்மலாட்டம் சேர்ப்பதும் அதில் ஒன்றாகவே நடக்கின்றன.

தாயமும் பல்லாங்குழியும் என்ன கற்பிக்கின்றன

ஆட்டங்கள் கணக்கு கற்பிக்கின்றன என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்த ஆட்டம், எந்தக் கணக்கு என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

தாயத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. வெறுமையும் ஒன்றும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டு விதம், பன்னிரண்டு ஒரே விதம், மூன்று நான்கு விதம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் கூட்டல் கிடைக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு, தாயம் விழாமல் காய் இறங்காது என்ற விதி ஏன் இத்தனை எரிச்சலூட்டுகிறது என்ற கேள்வியே நிகழ்தகவுப் பாடம். ஆனால் தாயம் ஆடி வளர்ந்த எத்தனை பேர் அந்தப் பதினாறை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்? ஆட்டம் அதைக் கேட்பதில்லை. கட்டை தரையில் விழுந்ததும் அடுத்தவர் கை நீண்டுவிடும்.

பல்லாங்குழி இன்னும் நுட்பமானது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று வைத்தால் எழுபது முத்து. புளியங்கொட்டையோ மஞ்சாடியோ சோழியோ எதுவானாலும் சரி. எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் நான்கு, ஐந்து என்று அறிவதும், இந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிக் கணிப்பதும், நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுவதும் எண்ணுணர்வின் நல்ல பயிற்சிகள். இதை மூலப்பொருளாக வைத்து வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் பலர்.

இங்கே ஓர் ஆய்வு முடிவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல், ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளை ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட நேர்கோட்டுப் பலகையில் ஆடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். எண்களை ஒப்பிடுவதிலும் மதிப்பிடுவதிலும் முன்னேற்றம் தெரிந்தது, ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்தது. எண்ணுக்குப் பதில் நிறம் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அது இல்லை. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில் வட்டப் பலகை நேர்ப்பலகை அளவுக்குப் பயன் தரவில்லை. பல்லாங்குழியின் ஓட்டம் வட்டம், குழிகளில் எண் கிடையாது. தாயக் கட்டமும் அப்படியே. பழைய ஆட்டம் என்பதற்காக அது எண்வரிசையைப் பதியவைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடையில் விற்கும் நூறு கட்டப் பரமபதம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. 37இல் நிற்கும் பிள்ளைக்கு நான்கு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்துவது வழக்கம். "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொண்ணு" என்று சொல்லி நகர்த்தியவர்களிடமே பயன் தெரிந்ததாக லாஸ்கி, சீக்லர் இருவரும் 2014இல் காட்டினார்கள். ஆட்டம் ஒன்றுதான், வாயில் வந்த சொல் மாறியதும் பலன் மாறிவிட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

4.3 ஓவரும் பிராட்மனின் சராசரியும்

கிரிக்கெட்டில் கணக்கு வெளிப்படையாகவே கிடக்கிறது. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் ஆறாம் வாய்பாடு சும்மா வருகிறது. இன்னும் எத்தனை பந்து, எத்தனை ரன் என்ற கழித்தல் ஒவ்வொரு பந்துக்கும் நடக்கிறது. பள்ளிக் கணக்கில் தடுமாறும் பையன் இங்கே தடுமாறுவதில்லை என்பது கிரிக்கெட் ஆதரவாளர்களின் முக்கியச் சான்று.

அந்தக் கணக்கில் ஒரு பள்ளமும் உண்டு. ஓர் அணி 4.3 ஓவரில் 36 ரன் எடுத்தால் ரன் ரேட் என்ன? தசமம் படித்த பிள்ளை 36ஐ 4.3ஆல் வகுத்து 8.37 என்று எழுதும். சரியான விடை 8. ஏனென்றால் 4.3 என்பது நான்கு ஓவரும் மூன்று பந்தும், அதாவது நாலரை. திரையில் 4.4, 4.5 என்று ஓடி அடுத்தது 5 ஆகிவிடுகிறது, 4.6 வருவதில்லை. பேஸ்பாலிலும் இதே கதை: 6.1 இன்னிங்ஸ் என்றால் ஆறும் மூன்றில் ஒன்றும். பின்னமும் தசமமும் புதிதாக அறிமுகமாகும் வயதில், பிள்ளை தினமும் பார்க்கும் புள்ளி வேறொரு பொருளில் நிற்கிறது. கெட்டிக்கார ஆசிரியர் இதையே பாடமாக்கிவிடுவார். "இந்தப் புள்ளி எந்தப் புள்ளி?" என்று கேட்டு அரை மணி நேரம் வகுப்பை ஓட்டலாம். கவனிக்காத ஆசிரியரின் வகுப்பில் குழப்பமே மிஞ்சும்.

சராசரியும் அப்படியே. பிராட்மன் 80 இன்னிங்ஸில் 6996 ரன் எடுத்தார். பள்ளிச் சராசரிப்படி 87.45. கிரிக்கெட் கணக்கில் 99.94, ஏனெனில் பத்து முறை அவர் ஆட்டமிழக்கவில்லை; வகுக்கும் எண் 70. எதைக்கொண்டு வகுப்பது என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் அது ஏழாம் எட்டாம் வகுப்புக்கு உரியது. இரண்டாம் வகுப்புக்கு அதைக் கொண்டுபோவது கிரிக்கெட் பித்தில் செய்யும் காரியம்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

மிகக் கடினமான எதிர்வாதம் ஆடுகளத்திலிருந்து வரவில்லை, சந்தையிலிருந்து வந்தது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் ஐந்து சிறுவர்களை டெரெசின்யா கரஹெர், டேவிட் கரஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985இல் ஆராய்ந்தார்கள். கடையில் வைத்துக் கேட்டபோது அவர்கள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஐந்து பேரை வைத்துச் சொன்னது என்ற ஆட்சேபம் நெடுநாள் இருந்தது. 2025இல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை வைத்து அதே முடிவுக்கு வந்தார்கள். கூடவே மறுபக்கத்தையும் காட்டினார்கள்: பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் தாளில் போட்ட கணக்கைச் சந்தையில் போடத் திணறினார்கள்.

எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடியில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். மூடையை ஏலத்தில் கிலோ விலைக்கு எடுப்பார்கள், சில்லறையில் காய் எண்ணி விற்பார்கள். கிலோ 60 ரூபாய்க்கு எடுத்து, பத்து ரூபாய்க்கு நாலு காய் என்று விற்றால், கிலோவுக்கு 24 காய் நின்றால் முதல் மட்டும்தான் தேறும். 28 நின்றால் பத்து ரூபாய் மிச்சம். காயைக் கையில் வாங்கிப் பார்த்தே கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்லிவிடும் பிள்ளைக்கு, பாடப்புத்தகத்தின் விகிதக் கணக்கு புரியாமல் போகலாம் என்பதுதான் இந்த ஆய்வுகளின் செய்தி. பீடிக் கட்டுகளை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணி ஆயிரம் சேர்க்கும் வீடுகளுக்கும் இது பொருந்தக்கூடும். சந்தையில் பிழைப்புக்காகப் பழகிய கணக்கே தாளுக்கு வரவில்லை என்றால், மாலையில் ஒரு மணி நேரம் ஆடும் கிரிக்கெட் மட்டும் எப்படிக் கொண்டுவரும்?

ஆட்டத்தையே நேரடியாகச் சோதித்த இரண்டு ஆய்வுகள் இந்தச் சந்தேகத்தைக் கூட்டுகின்றன. டெல்லியில் பிரதம் அமைப்பு நடத்தும் 214 மழலையர் வகுப்புகளில் 1,540 பிள்ளைகளுக்கு நான்கு மாதம் கணித விளையாட்டுகள் கொடுக்கப்பட்டன. முடிவு 2017இல் சயின்ஸ் இதழில் வந்தது. எண், வடிவம் பற்றிய உள்ளுணர்வு ஓராண்டு கழித்தும் மேம்பட்டே இருந்தது. பள்ளிக் கணக்கில் மட்டும் அது பலன் காட்டவில்லை. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி வீதம் சதுரங்கம் கற்பித்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வில் வேறுபாடு இல்லை என்று 2016இல் அறிக்கை வந்தது. சதுரங்கம் ஆடினால் கணக்கு வரும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றிய தமிழ்நாட்டில் இந்த அறிக்கை அதிகம் பேசப்படவில்லை. சதுரங்கம் ஆட அது ஒரு தடையும் அல்ல. ஆட்டத்துக்கு அதுவே போதிய காரணம்.

எதிர்த்தரப்புக்கும் பலவீனம் உண்டு. 2008இல் கமின்ஸ்கியும் துணைவர்களும் வெறும் குறியீடுகளால் கற்பது பொருள்சார்ந்த உதாரணங்களைவிட நன்றாக வேறிடத்துக்குப் பெயர்கிறது என்று காட்டினார்கள். அது கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை. பின்னர் டி பாக் குழுவினர் அதன் அமைப்பையே கேள்வி கேட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை நேராகப் பொருத்துவது சரியாகாது.

வாசிப்பு: பேஸ்பால் ஆய்வை எவ்வளவு நம்பலாம்

வாசிப்புப் பக்கத்தில் எல்லாரும் சுட்டும் ஆய்வு 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் செய்தது. ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்து, மைதான மாதிரியில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கினாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள் மேலாகச் செய்தார்கள். முன்னறிவு இருந்தால் பனுவல் புரிகிறது என்ற முடிவு உறுதியானது. ஆனால் அதிலிருந்து "பேஸ்பால் வைத்தால் வாசிப்பு வரும்" என்று தாவுவது சரியல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். தொடக்க வகுப்பில் சிக்கல் அங்கேயே நிற்கிறது.

தமிழில் உயிர்மெய் வரிசை கைக்கு வரவே காலம் பிடிக்கும். கிரிக்கெட் செய்தியோ பிறமொழிச் சொல் நிறைந்தது. 'ஸ்ட்ரைக் ரேட்' என்பதன் பொருள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மெய்கள் அடுத்தடுத்து வரும் அந்த எழுத்துக்கூட்டு அவனை முதல் சொல்லிலேயே நிறுத்திவிடும். 'பந்து', 'மட்டை', 'ஓட்டம்', 'பிடித்தான்' என்று எழுதினால் தடையில்லை. ஆனால் அவன் காதில் விழும் கிரிக்கெட் அதுவல்ல. தினத்தந்தியின் விளையாட்டுப் பக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவர விரும்புபவர் மூன்றாம் நான்காம் வகுப்பு வரை பொறுப்பது நல்லது. அதற்கு முன், பிள்ளை தானே சொல்லும் ஆட்ட வர்ணனையை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, அதையே வாசிக்கவைக்கும் பழைய உத்திக்கு வாய்ப்பு அதிகம்.

அந்தப் பேஸ்பால் ஆய்வில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. ஆட்டம் தெரிந்தவனுக்கு அது எவ்வளவு கைகொடுத்ததோ, தெரியாதவனுக்கு அவ்வளவு பாதகமானது. கிரிக்கெட்டைப் பாடமாக்கினால், பொட்டலுக்கு மாலையில் போகக் கிடைக்காத பெண்பிள்ளைகள் வகுப்பில் பின்னுக்குப் போகலாம். ஆணாட்டம், பெண்ணாட்டம் என்று பாவாணர் பிரித்துக் காட்டிய கோடு முழுக்க அழிந்துவிடவில்லை. தட்டாங்கல்லும் பல்லாங்குழியும் கிரிக்கெட்டோடு சேர்ந்து பாடத்துக்குள் வர வேண்டியதற்கு மரபுப்பற்றைவிட இது வலுவான காரணம்.

ஆர்வம் எதற்கு

ஆட்டம் ஆர்வத்தைத் தருகிறது, ஆர்வம் கற்றலைத் தருகிறது என்பது ஆதரவாளர்களின் கடைசி அரண். ஜான் டூயி 1913இலேயே இதைச் சந்தேகித்தார். ஆர்வமில்லாத பொருளுக்கு வெளியிலிருந்து ஆர்வம் பூசுவது, கசப்பு மருந்துக்குச் சர்க்கரை தடவுவதுதான். பிள்ளை சர்க்கரையை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடும். 1980களுக்குப் பின் வந்த சோதனைகளும் இதே திசையில் போகின்றன: பாடத்துக்குத் தொடர்பில்லாத சுவையான துணுக்கைச் சேர்த்தால், துணுக்கு நினைவிருக்கிறது, பாடம் நழுவுகிறது. தோனியின் படம் போட்ட கூட்டல் தாள் இந்த வகை. ஓவர் கணக்கை வைத்து ஆறாம் வாய்பாடு சொல்வது வேறு வகை. அங்கே ஆர்வமும் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எழுதப்பட்ட விளையாட்டுப் பாடக் கையேடுகளே அதிகம் என்று தோன்றுகிறது.

தீராத கேள்விகள்

கிடைக்கும் சான்றுகளை வைத்து ஓரளவு துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவு. எண்ணுணர்வை வளர்க்கச் சிறு ஆட்டங்கள் உதவுகின்றன, அதற்குப் பலகையின் வடிவமும் வாய்ச்சொல்லும் முக்கியம். பள்ளிக் கணக்கு அதிலிருந்து தானாக முளைக்காது. ஆட்டத்தில் நடந்ததை எண்ணாக, குறியாக, வாக்கியமாக எழுதும் வேலையை வகுப்பில் யாராவது செய்ய வேண்டும். ஆட்டக்காரர்களைவிட ஸ்கோர் எழுதும் பிள்ளைக்கே கணக்கு அதிகம் வாய்க்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் எல்லாரும் முறைவைத்து ஸ்கோர் எழுத வேண்டும், தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும்கூட ஒரு ஸ்கோர் நோட்டு வேண்டும். சந்தைக்கும் இதே வழி பொருந்தக்கூடும்: பிள்ளை மனக்கணக்காகச் சொன்ன விலையை அன்றே நோட்டில் எழுதவைப்பது.

இந்த ஊகத்தைச் சோதிப்பது கடினமல்ல. ஆட்டம் மட்டும், ஆட்டமும் நோட்டும், நோட்டு மட்டும் என்று வகுப்புகளை மூன்றாகப் பிரித்து ஓராண்டு கழித்து, தாளிலும் கடைத்தெருவிலும் என இரண்டு இடத்திலும் அளந்து பார்க்கலாம். பெண்பிள்ளைகளின் முடிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். அரசுத் திட்டங்களின் மதிப்பீடுகள் ஆட்டத்தையும் கூடுதல் நேரத்தையும் ஒன்றாகக் கலந்தே அளந்துவந்திருப்பதால் அவற்றிலிருந்து இந்த விடை வராது.

ஈராசிரியர் பள்ளியில் இது நடக்குமா என்பது தனிக் கேள்வி. ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறார்கள்; இடையில் செயலியில் மதிப்பீடுகளைப் பதிவேற்ற வேண்டும். 37இலிருந்து முப்பத்தெட்டு என்று சொல்லி நகர்த்துகிறானா என்று ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு, இதுவரை வந்த எந்த முறையும் பதில் சொல்லவில்லை. இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவருவது ஒரு வழியாக இருக்கலாம். அவர்களுக்கு என்ன ஊதியம், என்ன பயிற்சி, யார் பொறுப்பு என்பவை கல்வி ஆய்வின் எல்லைக்கு வெளியே, அரசாணையின் எல்லைக்குள் கிடக்கின்றன.